அலுத்த மாலையின் செலவு

(‘வீட்டுச் சமையலும் குடும்பச் சிக்கனமும்’ என்ற பொருளில், நூலக வாசகர் வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே, அடுத்து என்ன வரும் என்று உங்களில் பாதிப் பேர் முடிவு கட்டியிருப்பீர்கள். “ஓட்டலில் சாப்பிடாதீர்கள், வீட்டில் சமையுங்கள், பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது” என்று சொல்லிவிட்டு இந்த அம்மா உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்திருப்பீர்கள். அது தெரியாதவர் இந்த அரங்கில் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஏன் எல்லார் வீட்டிலும் நடப்பதில்லை என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பள்ளியில் மனையியல் பாடம் நடத்தியவள் நான். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் குடும்பங்களின் நுகர்வுச் செலவைக் கணக்கெடுக்கிறது. 2023–24 கணக்கெடுப்பின்படி, நகரத்தில் ஒரு ஆளின் மாதச் செலவு சராசரியாக 6,996 ரூபாய். கிராமத்தில் 4,122 ரூபாய். அதில் சாப்பாட்டுக்குப் போவது நகரத்தில் 39.68 சதவீதம், கிராமத்தில் 47.04 சதவீதம். 1999–2000இல் நகரத்திலேயே இது 48 சதவீதமாக இருந்தது. சாப்பாட்டின் பங்கு குறைந்திருக்கிறது என்றால் நல்ல சேதிதான். ஆனால் அந்தச் சாப்பாட்டுச் செலவுக்குள்ளே கொஞ்சம் புகுந்து பாருங்கள். அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு நகரத்தில் மொத்தச் செலவில் 4 சதவீதம்கூட ஆவதில்லை. பானங்கள், பாக்கெட் தின்பண்டங்கள், வெளியில் வாங்கும் சமைத்த உணவு எல்லாம் சேர்ந்த தலைப்புக்கு 11.09 சதவீதம் ஆகிறது. பாலைவிட, காய்கறியைவிட, முட்டை மீன் இறைச்சியைவிட இதுதான் அதிகம். கிராமத்திலும் இந்தத் தலைப்புத்தான் முதலிடம், 9.84 சதவீதம்.

நகரத்துக் கணக்கை ரூபாயாக்கினால் ஆளுக்கு மாதம் 775 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 3,100 ரூபாய். வருஷத்துக்கு 37,000 ரூபாய்க்கு மேல். டீக்கடை டீயும் பிள்ளைகளின் பிஸ்கட்டும் இதில் அடக்கம் என்பதை மறக்கவில்லை. இது நாட்டுச் சராசரி. உங்கள் வீட்டுக் கணக்கு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இப்போது வீடு வெளியிலிருந்து வரவழைத்தும் தின்கிறது.

இந்தப் பணம் எப்போது கைமாறுகிறது? கல்யாண நாளுக்கு, பிறந்த நாளுக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு வருகிறோமே, அதை நான் செலவுக் கணக்கில் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அது தெரிந்து செய்வது; மனசுக்கும் நிறைவு. நான் சொல்வது செவ்வாய்க்கிழமை ஏழரை மணியை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் மாவு இல்லை. பயறு ஊறவில்லை. வெங்காயம் இருக்கிறது, உரிக்கத் தெம்பில்லை. “ஏதாவது வாங்கிட்டு வந்துடட்டுமா?” என்று ஒருவர் கேட்கிறார். “சரி, வாங்கிட்டு வாங்க” என்று இன்னொருவர் சொல்கிறார். இந்தப் பேச்சில் விலை என்ற சொல்லே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். கத்தரிக்காய் வாங்கும்போது இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசிய அதே வீடுதான் இது. நான்கு பேருக்குப் புரோட்டாவும் ஃபிரைடு ரைஸும் தோசையும், அதன்மேல் பேக்கிங், ஜி.எஸ்.டி., வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதற்கொரு கட்டணம் என்று ஐந்நூறு ரூபாய் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வெண்டைக்காயும் கீரையும் அதே பெட்டிக்குள் இன்னொரு நாள் வாடுகின்றன. மறுநாள் அவையும் குப்பைக்கு. ஆக, ஒரே ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு முறை காசு கொடுத்தாயிற்று.

நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டுச் சாப்பாட்டுச் செலவு கையைக் கடிப்பது பெரும்பாலும் நாம் ஆசைப்படும்போது அல்ல, அலுத்துப்போகும்போதுதான். அதனால் சிக்கனம் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுவதைவிட, அலுத்த மாலைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது மேல். இது புதிதாகக் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. நம் வீட்டுச் சமையல்கட்டே அந்த ஏற்பாட்டின்மேல்தான் நின்றது. மாவு, பொடி, வற்றல், வடகம், தொக்கு, ஊறுகாய் எல்லாம் என்ன? தெம்பு இருக்கும் நாளில் வேலை பார்த்து, தெம்பில்லாத நாளுக்கு எடுத்துவைத்தவை.

மாவையே எடுத்துக்கொள்வோம். இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு கரண்டி வெந்தயம். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து, முதலில் உளுந்தைக் கிரைண்டரில் போட வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றக்கூடாது. கை கையாகத் தெளித்துவிட வேண்டும். கோடையில் குளிர்ந்த தண்ணீர் நல்லது, மாவு சூடேறாது. புது உளுந்தாக இருந்தால் மாவு நன்றாகக் காணும். பழைய உளுந்து எவ்வளவு அரைத்தாலும் அடியிலேயே கிடக்கும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் எடுத்துவிடலாம், மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும். பிறகு அரிசியை லேசான ரவைப் பதத்தில் அரைத்து, உப்புப் போட்டு, கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதி இடம் விட்டு மூடிவைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

இதன் விலை என்ன? இட்லி அரிசி கிலோ 50 ரூபாய் என்றும், உளுந்து கிலோ 140 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும். கணக்குப் போடும் விதம்தான் முக்கியம். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து 35 ரூபாய். வெந்தயம், உப்பு, மின்சாரம் என்று ஐந்து ரூபாய் சேருங்கள். மொத்தம் 90 ரூபாய். இட்லி நடுத்தர அளவில் 60 வரும். ஒரு இட்லி ஒன்றரை ரூபாய். நான்கு பேருக்கு ஆளுக்கு நான்கு என்றால் 16 இட்லி, 24 ரூபாய். சாம்பாருக்கும் சட்னிக்கும் கேஸுக்கும் தாராளமாக 50 ரூபாய் போட்டாலும் 75 ரூபாயைத் தாண்டாது. நடுத்தரமான ஓட்டலில் இரண்டு இட்லி 40 ரூபாய் என்றால், அதே 16 இட்லிக்கு 320 ரூபாய். ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு நன்றாக வரும் என்பது பல வீடுகளில் தெரிந்த சங்கதி. 2011 ஜூன் முதல் அந்த அரிசி தமிழ்நாட்டில் விலையில்லாமல் கிடைக்கிறது. அதைப் பாதிக்குப் பாதி கலந்தால் இட்லி ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

மாவின் அருமை விலையில் மட்டும் இல்லை, அது நாளுக்கு நாள் மாறுவதிலும் இருக்கிறது. முதல் இரண்டு நாள் இட்லி. மூன்றாம் நாள் தோசை. நான்காம் நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம். அதற்குமேல் புளித்துவிட்டால், கடுகும் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஒரு கரண்டி மாவுகூடச் சாக்கடைக்குப் போக வழியில்லை. “எனக்கு அரைக்க நேரமில்லையே” என்கிறீர்களா? தெருமுனைக் கடையில் அரைத்த மாவு வாங்குங்கள். கிலோ 50, 60 ரூபாய் ஆகும். இருபது இட்லிக்குக் குறையாது. இட்லி மூன்று ரூபாய். சொந்தமாக அரைப்பதைவிட இரண்டு மடங்குதான், ஆனால் ஓட்டல் விலையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுச் சமையல் என்றால் எல்லாவற்றையும் நாமே அரைத்து இடித்துத்தான் ஆகவேண்டும் என்ற பிடிவாதம் சிக்கனத்துக்கே எதிரி. பிடிவாதம் பிடித்தவர்தான் சீக்கிரம் அலுத்துப்போகிறார்.

மாவுக்கு அடுத்தது பொடி. சூடான சோறும் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும், கூட ஒரு சுட்ட அப்பளம் இருந்தால், அது ஒரு வேளைச் சாப்பாடு. கறிவேப்பிலைப் பொடி, எள்ளுப் பொடி, பூண்டுப் பொடி, எதுவானாலும் அரைமணி நேர வேலை, மூன்று வாரத்துக்குக் காணும். சுண்டை வற்றலோ மணத்தக்காளி வற்றலோ டப்பாவில் இருந்தால், புளியைக் கரைத்து இருபது நிமிஷத்தில் வற்றக்குழம்பு. நான்கு முட்டையும் இரண்டு வெங்காயமும் இருந்தால் முட்டைப் பொடிமாஸ். அசைவ வீடுகளில் நெத்திலிக் கருவாடு இருந்தால் அந்த ராத்திரி விருந்துதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நல்ல மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போகும். முன்பே வாங்கிவைத்த கருவாடு அந்த மாதங்களுக்குக் கைகொடுக்கும்.

சரி, சந்தைக்கு வருவோம். பலபேர் என்ன சமைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு வேண்டிய காயைத் தேடிப் போகிறார்கள். சந்தை நமக்காக வளையாது; நம் சமையல்தான் சந்தைக்கு வளைய வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அந்த மாதம் தக்காளிச் சட்னிதான் வேண்டும் என்று நின்றவர்கள் கிலோவுக்கு நூறும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். ஆனால் நம் சமையலில் புளிப்புக்கா பஞ்சம்? புளி இருக்கிறது, மோர் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, பருவத்தில் மாங்காய் இருக்கிறது. தக்காளி விலை ஏறினால் மோர்க்குழம்பும் எலுமிச்சை ரசமும் வைக்கலாம். அதே தக்காளி சில மாதம் கழித்துப் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் விவசாயி சாலையோரம் கொட்டும் விலைக்கு வரும். அப்போது ஐந்து கிலோ வாங்கி நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கித் தொக்காக்கி வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

உழவர் சந்தை உள்ள ஊர்க்காரர்கள் பாக்கியசாலிகள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்பார், இடைத்தரகர் இல்லை, அன்றன்றைக்கு விலையை எழுதிப் போட்டிருப்பார்கள். வெளிச் சில்லறை விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடே. ஆனால் அது காலைச் சந்தை. காலையில் காய்க்குப் போகிறவர் சமைப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்கும்போது இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகுங்கள்: பத்து ரூபாய்க்கு எவ்வளவு சத்து? புரதத்தை மட்டும் பார்ப்போம். துவரம்பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால், பத்து ரூபாய்க்குப் பதினாறு, பதினேழு கிராம் புரதம் கிடைக்கும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பில் அதே பத்து ரூபாய்க்கு எழுபது கிராமுக்கு மேல். நிலக்கடலையில் ஏறக்குறைய கடைத் துவரம்பருப்பு அளவு. கொள்ளு அதைவிட மலிவு, சத்து குறைவில்லை. முட்டை ஆறரை ரூபாய் என்றால், பத்து ரூபாய்க்கு ஒன்பது கிராம். பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் இரண்டு கிராம் தேறினால் அதிகம். சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு அவித்த கடலையோ பாசிப்பயற்றுச் சுண்டலோ கொடுப்பவர் காசையும் மிச்சம் பிடிக்கிறார், பிள்ளையின் உடம்பையும் தேற்றுகிறார். அதற்குத் தேவை ஒன்றே ஒன்று: காலையிலேயே யாராவது பயறை ஊறப்போட வேண்டும்.

இனி அளவு. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ புத்தகத்தை வெளியிட்டார். பக்கத்தில் நின்று சொல்லித்தர மாமியாரோ அத்தையோ இல்லாத பெண்ணும் சமைக்க முடிந்தது என்றால், அதில் ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதியிருந்ததுதான் காரணம். அளவு ருசிக்கு மட்டும் உதவுவதில்லை, பணப்பைக்கும் உதவுகிறது. “எதற்கும் இருக்கட்டும்” என்று ஒரு கைப்பிடி அரிசி அதிகம் போடுகிறோம். கைப்பிடி 40 கிராம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மாதம் அறுபது வேளை. இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கிலோ 60 ரூபாய் அரிசியில் மாதம் 144 ரூபாய். அரிசிக்கு ஒரு டம்ளர், பருப்புக்கு ஒரு கரண்டி, எண்ணெய்க்கு ஒரு சின்னக் கரண்டி என்று டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். எண்ணெய் பாட்டிலைக் கவிழ்க்கும் பழக்கம் போனாலே மாதத்தில் அரை லிட்டர் மிஞ்சும், டாக்டருக்கும் சந்தோஷம்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிடுகிறது. தோல், கொட்டை போன்றவையும் அதில் சேர்த்தி. அப்படிப் பார்த்தாலும் நால்வர் குடும்பத்துக்கு 220 கிலோ. ஆனால் தோல் எல்லாம் குப்பை என்று யார் சொன்னது? பீர்க்கங்காய்த் தோலை வதக்கி, உளுந்தும் மிளகாயும் வறுத்து அரைத்தால் துவையல். தர்பூசணியின் வெள்ளைச் சதையைக் கூட்டு வைக்கலாம். மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்தால் உப்புமா. மீந்த குழம்பைச் சுண்டவைத்தால் மறுநாள் அதன் ருசியே தனி. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் பழையசோறு, கூடச் சின்ன வெங்காயம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிக்கனம் என்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டால், மிச்சம் பிடித்தது மருந்துக்கடைக்குப் போய்விடும். சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பழையசோறாக்குவதென்றால் அதையும் சோறு ஆறிய கையோடு செய்துவிடுங்கள், மறுநாள் காலையோடு தீர்த்துவிடுங்கள். அப்பளம், வடை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்து கெட்டுப்போன எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுக் கடைகளுக்கு 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. கடைக்காரருக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

கேஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொதித்துவிட்ட தண்ணீருக்குக் கீழே அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும், அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கேஸ்தான் போகும். கொதி வந்ததும் தணலைக் குறையுங்கள், பாத்திரத்தை மூடுங்கள். குக்கருக்குள் ஆவி அடைபட்டு 120 டிகிரி வரை சூடேறுவதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. அதே குக்கரில் அடுக்குப் பாத்திரத்தில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒரே எரிவில் மூன்று வேலை. ராத்திரியே ஊறிய கொண்டைக்கடலைக்கு விசில் எண்ணிக்கையும் குறையும்.

வீட்டுச் சமையல் எப்போதும் ஜெயிக்கும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். 2013இல் சென்னையில் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்தது. அந்த விலையை எந்த வீட்டு அடுப்பாலும் வெல்ல முடியாது. அரசு பணம் போட்டு நடத்தும் அடுப்பு அது. அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தனி ஆளுக்கு மூன்று வேளையும் சமைப்பது கட்டுப்படியாவது கடினம். அவருக்கு மதியம் மெஸ், காலையும் இரவும் மட்டும் அறையில் என்பது நல்ல கணக்கு. நான்கு புரோட்டாவுக்காக மைதா பிசைந்து வீசிக்கொண்டிருப்பதும் வீண் வேலை. இன்னொன்று, யூடியூப் பார்த்து ஒரே ஒரு நாள் சமையலுக்காக வாங்கிய சாஸ் பாட்டில்கள் எத்தனை வீட்டு அலமாரியில் காலாவதியாகி நிற்கின்றன? வீட்டில் சமைத்தாலும் அது ஓட்டல் விலைதான்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்று தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை ரூபாய் இட்லிக் கணக்கில் ஒரு செலவை நான் சேர்க்கவே இல்லை. கவனித்தீர்களா? உழைப்பு. அரிசி களைந்த கை, கிரைண்டரைக் கழுவிய கை, இட்லித் துணியை அலசிய கை, இவற்றுக்குக் கூலி போடவில்லை. எந்த வீட்டுக் கணக்கிலும் போடுவதில்லை. 2024இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிஷம் அதற்காகச் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்கள் 88 நிமிஷம். இந்த 88 நிமிஷமும், வேலையில் கைவைக்கும் ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அப்படிக் கைவைக்கிறவர்கள் ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். மற்றவர்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

அலுத்த மாலைக்கு இதுதான் ஊற்றுக்கண். நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவரே வாங்கி, நறுக்கி, சமைத்து, கழுவி, மறுநாளைக்கு ஊறவும் போட வேண்டும் என்றால், அந்த ஒருவர் வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்ந்து உட்காரத்தான் செய்வார். அப்போது பார்சல் வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர் சாப்பிடுகிற ஆளாகத்தான் இருப்பார், சமைக்கிற ஆளாக இருக்கமாட்டார். வேலையைப் பங்கு போட்ட வீட்டில் பார்சல் தானாகக் குறையும். நீதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் கையில் நிற்கும் காசுக்காகவும் சொல்கிறேன்.

பங்கு என்றால், “நான் வேணும்னா ஹெல்ப் பண்றேன்” என்பது பங்கு இல்லை. உதவி கேட்டால்தான் வரும். பங்கு கேட்காமலே நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது ஒருவர் பொறுப்பு என்றால், ஊறப்போடுவதிலிருந்து கிரைண்டர் கழுவுவது வரை அவர் பொறுப்பு. காலைச் சந்தை இன்னொருவருக்கு. பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது எல்லாம் டிவி பார்த்துக்கொண்டே எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடியவை. பதினைந்து வயது தாண்டிய பிள்ளைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், சோறு, ரசம், ஒரு பொரியல், ஒரு முட்டைப் பண்டம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மூன்று பேருக்குச் சமைக்கத் தெரிந்தால், மூன்று பேரும் ஒரே மாலையில் அலுத்துப்போவது அபூர்வம்.

முடிக்கப் போகிறேன். வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, அடுக்களையில் தொங்கும் நாள்காட்டியில், வெளியில் வாங்கிய சாப்பாட்டுக்கு ஆன தொகையை அன்றன்றைக்குக் குறியுங்கள். யாரையும் திட்ட வேண்டாம், எழுதினால் போதும். மாதக் கடைசியில் எந்தக் கிழமையில் அதிகம் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். இரண்டாவது, அந்தக் கிழமைக்கென்று ஒரு சாப்பாட்டை நிரந்தரமாகத் தீர்மானியுங்கள். மாவோ, பொடியோ, வற்றக்குழம்போ, இருபது நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், அதற்கான சாமான் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். சமைக்கும் ஆளையும் அன்றைக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மிச்சமானதைத் தனியே எடுத்து வைக்காவிட்டால் அது மிச்சமே இல்லை. வேறொரு செலவில் கரைந்துவிடும். போன மாதத்தைவிட வெளிச் சாப்பாட்டுக்கு ஆயிரம் ரூபாய் குறைந்திருந்தால், அந்த ஆயிரத்தை அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கில் போடுங்கள். மாதம் நூறு ரூபாயிலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம். மாதம் ஆயிரம் என்றால் ஐந்து வருஷத்தில் முதல் மட்டும் அறுபதாயிரம், வட்டி அதற்குமேல். அந்தக் கணக்கை யார் பெயரில் தொடங்குவது என்று ஒரு கேள்வி வரும். வீட்டில் ஒருவர்தான் சமைக்கிறார் என்றால் அவர் பெயரில் தொடங்குங்கள். அது அவர் கூலி. “எங்கள் இருவர் பெயரிலும் இருக்கட்டும்” என்று சொல்லும் கணவர்கள், அஞ்சலகத்துக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துவிட்டுப் போகட்டும். அங்கே கூட்டுக் கணக்குக்கும் வழி இருக்கிறது.